ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, உடம்பு அப்படியே நிக்குதே!

கேள்வி: வணக்கம் சார். வயது 34. சொந்த ஊர் குடியாத்தம், இப்போது காட்பாடியில் இருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். ஜிம்முக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. உயரம் 167 செ.மீ. சேரும்போது எடை 62 கிலோ, இடுப்பு 92 செ.மீ. இப்போது எடை 68, இடுப்பு 87. முதல் ஆறு மாதத்தில் ஸ்குவாட் (கம்பியை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவது) 20 கிலோ வெறும் கம்பியிலிருந்து 70 கிலோ வரை போனது. போன ஒரு வருடத்தில் 85-லிருந்து 92.5-க்குத்தான் வந்திருக்கிறேன். பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து தள்ளுவது) 57.5-லிருந்து 60. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) 107.5-லிருந்து 115. கோடை வந்தால் இதுவும் இறங்கிவிடுகிறது. ஜிம்மில் இருக்கும் மெஷின் கொழுப்பு 24 சதவீதம் என்றது, பிறகு 22, இப்போது 25 என்கிறது. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் ‘ஓவர் வெயிட்’ என்று எழுதிவிட்டார்கள்.

வாரம் ஆறு நாள் போகிறேன். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு என்று ஒரு நாளைக்கு ஒரு பாகம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் வேலை முடிந்ததும் நேராக ஜிம். காலையில் நான்கு இட்லி, மதியம் சாதம் சாம்பார், ராத்திரி சப்பாத்தி. தினம் இரண்டு முட்டை, ஞாயிறு சிக்கன், எப்போதாவது ஆம்பூர் பிரியாணி. எனக்குப் பின்னால் சேர்ந்த பசங்க மூன்றே மாதத்தில் பெரிசாகிவிட்டார்கள். “ஒரு கோர்ஸ் ஸ்டீராய்டு ஊசி போடுங்கண்ணா” என்கிறார்கள். இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. என் உடம்புவாகு இவ்வளவுதானா? வயது தாண்டிவிட்டதா? பலம் கூட்ட விற்கும் கிரியேட்டின் பவுடர் எடுத்தால் கிட்னி போய்விடுமா?

பதில்: தம்பி, மெஷின் சொன்ன சதவீதத்தை ஒரு பக்கம் வையுங்கள். எடை 6 கிலோ கூடியிருக்கிறது, இடுப்பு 5 செ.மீ. இறங்கியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூடியது கொழுப்பாக இருந்தால் பேன்ட் இறுகியிருக்கும். உங்களுக்கு பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்திருக்கும். நீங்கள் இத்தனை நாள் சேர்த்தது பெரும்பாலும் தசைதான். அது நிற்கவுமில்லை, வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. மூன்றாவது வருடத்தில் எல்லோருக்கும் குறையும், குறைய வேண்டும்.

முதல் ஆறு மாதத்தை வைத்துத்தான் உங்கள் மனம் மற்ற எல்லாவற்றையும் அளக்கிறது. அந்த ஆறு மாதத்தில் ஸ்குவாட் 50 கிலோ ஏறியது உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு நரம்புகளுடையது. தொடையில் ஏற்கனவே இருந்த தசையை முழுசாக வேலை வாங்கவும், கம்பியை முதுகில் நிறுத்தி ஆடாமல் உட்கார்ந்து எழவும் உடம்பு கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் ஒருமுறைதான் கிடைக்கும். வாரம் 2.5 கிலோ கூட்டிக்கொண்டே போனால் வருடத்துக்கு 130 கிலோ ஆகிறது. அந்த வேகத்தை இரண்டு வருடம் தாங்கிய மனிதர் யாரும் கிடையாது.

தசை வளர்வது இன்னும் மெதுவான காரியம். இதுவரை பயிற்சி செய்யாதவர்களை வைத்து இரண்டு மூன்று மாதம் நடத்தும் ஆய்வுகளில், கொழுப்பில்லாத எடை சராசரியாக ஒன்று, ஒன்றரை கிலோதான் கூடுகிறது. பயிற்சித் தொழிலில் நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது: சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கும் ஓர் ஆணுக்கு முதல் வருடம் 4 முதல் 8 கிலோ தசை வரலாம். இரண்டாம் வருடம் அதில் பாதி, மூன்றாம் வருடம் அதிலும் பாதி. அதற்கு அப்புறம் வருடத்துக்கு ஒரு கிலோ சேர்ந்தாலே நல்ல வருடம். பெண்களுக்குக் கிலோ கணக்கில் ஏறக்குறைய இதில் பாதி. இந்தக் கணக்கில் உங்களுக்கு வரவேண்டியது வந்திருக்கிறது. ஷிஃப்ட் வேலையும் குறைந்த புரதமுமாக வந்திருக்கிறது என்பதால் எனக்கு உங்கள் மேல் மதிப்புதான் கூடுகிறது.

நம்ம ஊர்க்காரர் ஒருவரையே பாருங்கள். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்டு ஜெர்க் (தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) 179, மொத்தம் 328 கிலோ. நான்கு வருடம் கழித்து, 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். அப்போது அவர் தூக்கியது 144-ம் 173-ம், மொத்தம் 317. முழுநேரமும் இதற்கே வாழ்பவருக்கு, நான்கு வருடத்துக்குப் பிறகு போட்டி மேடையில் 11 கிலோ குறைவு. தொடையில் அடிபட்டு வந்து தூக்கினார். அந்த 11 கிலோவை வைத்து அவர் பின்னால் போய்விட்டார் என்று யாராவது சொல்ல முடியுமா? பளு தூக்குதலும் நீங்கள் செய்யும் பயிற்சியும் வேறு வேறுதான். ஆனால் வருடக்கணக்கில் பார்த்தால் கோடு நேராக ஏறாது என்பது இரண்டுக்கும் பொது. உங்களுக்குப் போன ஒரு வருடத்தில் ஸ்குவாட் 7.5, டெட்லிஃப்ட் 7.5, பெஞ்ச் 2.5 கிலோ ஏறியிருக்கிறது. வேலைக்குப் போய், குடும்பம் பார்த்துக்கொண்டு செய்யும் ஒருவருக்கு இது நல்ல வருடம்.

இப்போது அந்த ‘ஓவர் வெயிட்’ விஷயம். உயரத்துக்கும் எடைக்கும் போடும் கணக்குதான் பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23 தாண்டினால் அதிக எடை என்று வைத்திருக்கிறோம். நீங்கள் ஜிம்மில் சேர்ந்தபோது உங்கள் பி.எம்.ஐ. 22.2, அப்போது செக்கப் செய்திருந்தால் ‘நார்மல்’ என்று எழுதியிருப்பார்கள். இப்போது 24.4. ஆனால் அன்றைக்கு இடுப்பு 92, நம் ஆண்களுக்கு எச்சரிக்கை அளவு 90. அதாவது நார்மல் என்ற நாளில் ஆபத்தான பக்கம் இருந்தீர்கள், ஓவர் வெயிட் என்கிற இன்றைக்குத்தான் அதைத் தாண்டி வெளியே வந்திருக்கிறீர்கள்.

இது உங்களுக்கு மட்டும் உள்ள விசித்திரம் இல்லை. 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. யுட்கினுக்கு உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே என்கிற உடம்பு நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த உடம்போடு தொடங்கிய உங்களுக்கு எடை ஏறுவதைக் கண்டு பயம் வேண்டாம். அடுத்த செக்கப்பில் இடுப்பளவையும் குறித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைதான். உங்களுக்கு இந்தப் பயிற்சி கண்ணாடிக்காக மட்டும் இல்லை என்பதற்கு அதுவே போதும்.

அந்த மெஷினை நம்பி மனம் உடையாதீர்கள். காலிலும் கையிலும் மிகச் சிறிய மின்சாரத்தை விட்டு, உடம்பில் தண்ணீர் எவ்வளவு என்று ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. பயிற்சி முடிந்து வியர்வை கொட்டிய பிறகு நின்றால் ஒரு எண், காலையில் வெறும் வயிற்றில் நின்றால் ஒரு எண். முந்தின ராத்திரி பிரியாணி சாப்பிட்டிருந்தால் உப்பும் மாவுச்சத்தும் தண்ணீரைப் பிடித்துவைக்கும், எடையே ஒரு கிலோ கூடக் காட்டும். 22-க்கும் 25-க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அந்த மெஷினின் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடும். காலையில் எழுந்து பாத்ரூம் போய்வந்ததும் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளப்பது அதைவிட நம்பகமானது. மாதம் ஒரு முறை போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே வெளிச்சத்தில், அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ. இரண்டு வருடத்துக்கு முந்தைய போட்டோ இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் உங்களைப் பார்க்கும் வீட்டாருக்கும் உங்களுக்கும் மாற்றம் கண்ணில் படாது.

உடம்பு கொஞ்சம் வெட்டாகத் தெரிய வேண்டும் என்று ஆசை இருக்கும், அதில் தப்பே இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். உங்களுக்குக் கொழுப்பு 22 சதவீதம் என்றே வைத்துக்கொண்டால், 68 கிலோவில் 15 கிலோ கொழுப்பு, மீதி 53 கிலோ. அந்த 53-ஐ அப்படியே காப்பாற்றிக்கொண்டு 15 சதவீதத்துக்கு இறங்கினால் எடை சுமார் 62 கிலோ. ஜிம்மில் சேர்ந்த அன்றைக்கு இருந்த அதே 62! எடை மெஷினுக்கு அது முன்னேற்றமே இல்லை. தெருவில் பார்ப்பவர்கள் “என்னப்பா இளைச்சுட்ட” என்பார்கள். ஆனால் அது வேறொரு உடம்பு. ஜிம் வாசலில் ஒட்டும் 90 நாள் போஸ்டர் சொல்லாத கணக்கு இது, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆனால் இறங்குவதை இப்போதே தொடங்க வேண்டாம் என்பேன். முதலில் புரதத்தைச் சரி செய்யுங்கள். நீங்கள் எழுதிய சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 50, 55 கிராம் புரதம்தான் தேறும். பலப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு, உங்களுக்கு 110 கிராம் வேண்டும். பாக்கி 50-க்கு டப்பா பவுடர் கட்டாயம் இல்லை. முட்டையை நான்காக்குங்கள், 12 கிராம். நம் பக்கம் விளைகிற நிலக்கடலையை ஒரு கைப்பிடி வேகவைத்துச் சாப்பிட்டால் 10. பால் 300 மில்லி, இன்னொரு 10. மீல்மேக்கர் காய்ந்ததாக 40 கிராம் எடுத்துக் குழம்பில் போட்டால் 20. சிக்கன் செய்கிற நாளில் எலும்பில்லாத கறி 150 கிராம், மீல்மேக்கர் தேவைப்படாது. கொள்ளும் கொண்டைக்கடலையும் சுண்டலாக உள்ளே வரட்டும். கேழ்வரகுக் களி நல்ல சாப்பாடு, ஆனால் அதைப் புரதமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். இப்படி நான்கு மாதம் எடையை 68-லேயே வைத்திருங்கள். பிறகு சாதத்தையும் எண்ணெயையும் கொஞ்சம் குறைத்து, வாரத்துக்கு 300 கிராம் வீதம், 10 முதல் 12 வாரம் இறங்கலாம். மூன்று, மூன்றரை கிலோ போகும். அந்த வாரங்களில் ஸ்குவாட் ஏறாது. 90 கிலோ 90 கிலோவாகவே நின்றால் தசை கரையவில்லை என்று பொருள். மீதியை அடுத்த வருடம் இறக்கலாம்.

பெஞ்ச் பிரஸ் ஏன் 60-ல் மாட்டிக்கொண்டது தெரியுமா? பல ஜிம்களில் இருப்பதிலேயே சின்னத் தட்டு 1.25 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 2.5 கிலோ. 60 கிலோ தூக்குபவருக்கு அது நான்கு சதவீதத்துக்கு மேல். உங்கள் ஜிம்மிலும் அப்படி இருந்தால் அரை கிலோ தட்டு ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எடையை மட்டும் பார்க்காமல் எண்ணிக்கையையும் பாருங்கள். 55 கிலோவில் மூன்று செட், செட்டுக்கு 6 தடவை செய்கிறவர் மூன்று செட்டிலும் 8 வந்த பிறகுதான் எடை கூட்ட வேண்டும். 6-லிருந்து 8-க்கு வர ஆறு வாரம் ஆனாலும் அது ஏற்றம்தான், நோட்டில் எழுதிவைத்தால் கண்ணுக்குத் தெரியும். வாராவாரம் உச்ச எடையைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வருடத்துக்கு இரண்டு முறை போதும்.

ஆறு நாளை நான்காகக் குறையுங்கள். ஒரு பாகத்தை வாரம் ஒரே நாளில் போட்டு நசுக்குவதைவிட, வாரத்தில் இரண்டு முறை, மொத்தம் 10 செட் அளவில் செய்வது உங்கள் மாதிரி ஆளுக்குப் பொருந்தும். செட்டை முடிக்கும்போது இன்னும் ஒன்றிரண்டு தடவை செய்ய முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் கம்பியின் கீழே போவது எனக்குப் பிடிக்கவே இல்லை; முதலில் தூங்குங்கள், சாயங்காலம் வேலைக்குப் போகும் முன் செய்யுங்கள். அந்த வாரம் இரண்டு நாள், பாதி செட் போதும். எடையைக் குறைக்காமல் செட்டை மட்டும் மூன்றில் ஒரு பங்காக்கினாலும் கிடைத்த பலத்தைப் பல மாதம் காப்பாற்ற முடியும். ஒரு வாரம் உங்களிடமிருந்து எதையும் பறித்துவிடாது.

கோடையும் அப்படித்தான். வேலூரில் அக்னி நட்சத்திரத்தில், தகரக் கூரையின் கீழே, மார்ச்சில் தூக்கிய எடை வராது. இதயத்தின் உழைப்பில் ஒரு பங்கு உடம்பைக் குளிரவைக்கவே போய்விடுகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பத்து சதவீதம் குறைத்து, விடிகாலையில் செய்யுங்கள். உப்புப் போட்ட மோரோ கூழோ கையோடு இருக்கட்டும். ஆடியில் திரும்ப வந்துவிடும். ஒருமுறை வளர்ந்த தசை மறுபடி வளரும்போது முதல் தடவை எடுத்த நேரம் எடுக்காது. உங்கள் நோட்டில் மே மாதத்தை அதற்கு முந்தைய மே மாதத்தோடு ஒப்பிடுங்கள், பிப்ரவரியோடு வேண்டாம்.

இனி ஊசி. இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. வேண்டாம். 1996-ல் அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு நடந்தது. 10 வாரத்தில் பயிற்சி மட்டும் செய்த ஆண்களுக்குக் கொழுப்பில்லாத எடை சுமார் 2 கிலோ கூடியது. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்கும் 3 கிலோ கூடியது. பக்கத்தில் இருக்கும் பையனோடு உங்களை ஒப்பிட்டு வருந்த வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவன் உடம்பில் ஓடுவது வேறு கணக்கு.

அந்தக் கணக்குக்கு விலை உண்டு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை, விந்தகத்துக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். சொந்த உற்பத்தி நிற்கும், விந்தணு குறையும், பலருக்கு அறவே இல்லாமல் போகும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே ஆய்வு செய்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகு திரும்ப வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டில் இதைச் செய்யலாமா? நல்ல கொலஸ்ட்ரால் விழும், ரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும். மாத்திரை வகை ஈரலையும் தொடும். சில ஜிம்களில் பயிற்சிக்கு முன் ‘தெம்பு’க்கு என்று மெஃபென்டெர்மின் ஊசி போடுகிறார்கள். அது மயக்க மருந்து கொடுக்கும்போது இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து, பழக்கத்துக்கு அடிமையாக்கும். அந்தப் பையன்களுக்கு நீங்கள் அண்ணன் மாதிரி. ஏற்கனவே போட்டுக்கொண்டவர் யாராக இருந்தாலும் திடீரென்று நிறுத்திவிட்டு வெட்கப்பட்டு மறைக்காமல், ஹார்மோன் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் சி.எம்.சி.யிலேயே அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

வயது தாண்டிவிட்டதா என்று கேட்டீர்கள். 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 90 உள்ளவர்களுக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 34 ஒரு வயதே இல்லை, தம்பி. உடம்புவாகு ஓரளவு வித்தியாசம் செய்யும் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் எண்களில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. இப்படியே போனால் 38, 39 வயதில் ஸ்குவாட் 110-ஐ ஒட்டி, பெஞ்ச் 75, டெட்லிஃப்ட் 140, இடுப்பு 82, 83 செ.மீ. என்று எதிர்பார்க்கலாம். ஒரு வருடம் முன்னே பின்னே ஆகலாம்.

கிரியேட்டின் எடுக்கலாம். தினம் 3 முதல் 5 கிராம் மோனோஹைட்ரேட், எந்த வேளையிலும். ஆரோக்கியமான சிறுநீரகத்தை அது கெடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. முதல் சில வாரத்தில் தசைக்குள் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறும், பதற வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் ‘கிரியேட்டினின்’ எண்ணும் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். அதனால் தொடங்குவதற்கு முன் ஒருமுறை கிரியேட்டினினும், அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி-யும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கம்பெனி செக்கப்பில் கிரியேட்டின் எடுப்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய ரிப்போர்ட்டில் சிறுநீரகக் கோளாறோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ எழுதியிருந்தால் மட்டும், டாக்டர் சரி என்று சொல்லும் வரை டப்பாவைத் திறக்க வேண்டாம்.